ரிகாவுல பிரீவீபஸ் தெருவுல ரூம் எடுக்குற தம்பிக்கு

தம்பி, செப்டம்பர்ல லாட்வியா தலைநகர் ரிகாவுக்குப் படிக்க வர்றேன், ஏஜென்ட் பிரீவீபஸ் தெருவுல ரூம் காட்டுறாரு, ஏரியா எப்படி, அரிசி பருப்பு கிடைக்குமா, பார்ட் டைம் கிடைக்குமா, ரஷ்யன் கத்துக்கிட்டு வரவான்னு கேட்டிருக்கீங்க. அரிசி பருப்பெல்லாம் கிடைக்கும். பார்ட் டைம் பத்தி மத்தவங்க சொல்லுவாங்க.

ரூமுக்கு மொதல்ல வீட்டு நம்பர் கேளுங்க. அந்தத் தெரு பழைய டவுனை ஒட்டி ஆரம்பிச்சு வடகிழக்கா போயிட்டே இருக்கும், அப்புறம் பிரீவீபஸ் காட்வேன்னு பேர் மாறி ஊர் எல்லை வரைக்கும் போகும், அதையும் சென்டர்னு சொல்லித்தான் விப்பாங்க. ஹீட்டிங் வாடகையில சேர்த்தியா தனியான்னு எழுத்துல வாங்கிடுங்க. பழைய கட்டடங்கள்ல சில வீட்டுல ஹீட்டிங்குக்கு இன்னும் விறகு அடுப்புதான். என்னைக் கூட்டிட்டு வந்த ஆளு இதுல ஒண்ணையும் சொல்லல, மொத குளிர்காலத்துல வந்த பில்லு என்னை ஆட்டி வச்சிடுச்சு.

ரஷ்யன் விஷயத்துக்கு வர்றேன். நம்ம பசங்க சில பேர் வருஷக்கணக்கா இங்க இருந்துட்டும் ஊருக்கு போன் போட்டு ரஷ்யா பக்கம் இருக்கேங்குறாங்க, கடையில எடுத்த எடுப்புல ரஷ்யன்ல பேசுறாங்க, எனக்கு அது சுத்தமா பிடிக்காது. ரஷ்யன் பேசுறவங்க இந்த ஊர்ல நிறைய பேர் இருக்காங்க, இல்லேங்கல. ஆனா நீங்க குடியிருக்கப் போற தெருவுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சிக்கோங்க. ரஷ்ய ஜார் மன்னருங்க ஆண்ட காலத்துல அது அலெக்சாண்டர் தெரு, 1910ல அங்க ரஷ்யாவோட பீட்டர் மன்னருக்குக் குதிரைச் சிலை வச்சாங்க. லாட்வியா விடுதலையாகி 1923ல பிரீவீபஸ், அதாவது சுதந்திரத் தெருன்னு பேர் வச்சாங்க. பீட்டர் சிலை இருந்த எடத்துலயே 1935ல, ஜனங்க குடுத்த நன்கொடையில, 42 மீட்டர் உயரத்துக்கு சுதந்திரச் சின்னம் எழும்புச்சு. அப்புறம் ஜெர்மன்காரன் வந்து ஹிட்லர் தெருன்னான், 1940லயே ஒரு தடவை வந்துட்டுப் போன சோவியத் திரும்ப வந்து லெனின் தெருன்னு ஆக்கி, 1950ல லெனினுக்குச் சிலையும் வச்சுச்சு. அதை 1991 ஆகஸ்ட்ல எறக்கினாங்க.

61ம் நம்பர் கட்டடத்தை மூலை வீடும்பாங்க. 1912ல கட்டின அழகான வீடு, 1940லருந்து சோவியத் ரகசிய போலீஸ் ஆபீஸ் ஆயிடுச்சு. எனக்கு மொதல்ல வாடகைக்கு விட்ட அம்மாவோட மாமாவை அங்கதான் கூட்டிட்டுப் போனாங்களாம், ஆள் திரும்பவே இல்ல. அந்தம்மாவுக்கு ரஷ்யன் நல்லாவே தெரியும், ஆனா நான் ரஷ்யன்ல கேட்டா வாயே திறக்க மாட்டாங்க, லப்தியன்னு லாட்வியன்ல வணக்கம் சொன்னப்புறம்தான் உட்கார வச்சு டீ குடுத்தாங்க. 1987 ஜூன் 14ல, சோவியத் ஆட்சி சைபீரியாவுக்கு நாடு கடத்தினவங்க நினைவா அந்தச் சின்னத்துக்கிட்ட தைரியமா பூ வச்சாங்கல்ல, அன்னைக்கு எதிர்த்த பிளாட்பாரத்துல நின்னு பாத்தவங்க அவங்க. எனக்கு லாட்வியன் சொல்லிக் குடுத்ததும் அவங்கதான், இன்னைக்கு நான் எந்த ஆபீஸுக்குப் போனாலும் அதுலதான் பேசுறேன்.

நவம்பர் 18 இங்க சுதந்திர தினம், சின்னத்தைச் சுத்தி நிக்க எடம் இருக்காது, நல்ல ஜாக்கெட்டா போட்டுட்டுப் போயிட்டு வாங்க.