வளர்ற பையனுக்குப் பெரிய வண்டியா?

வாங்கும் முன்: கேள்வி பதில்

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த கையோடு இந்தக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். பிள்ளைகளுக்கு நாலு சக்கர பைக். ஏடிவி, குவாட், பீச் பைக் என்று ஆளுக்கொரு பெயர் வைத்து எழுதுகிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

*கேள்வி: மகனுக்கு ஏழு வயது, ஒல்லி உடம்பு. தாரமங்கலம் பக்கம் எங்கள் தோட்டத்துக்குள் ஓட்டுவதற்காக வண்டி பார்க்கப் போனோம். கடைக்காரர், "49 சிசி ஒரே வருஷத்துல சின்னதாயிடுங்க. வளர்ற பையன், 110 எடுத்துடுங்க" என்கிறார். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எடுக்கலாமா? (அஸ்தம்பட்டி)*

எடுக்கக் கூடாது.

"வளர்ற பையன்" என்ற இந்த வார்த்தை நம் ஊர்க் கடைகளில் செய்திருக்கும் அநியாயம் கொஞ்சமல்ல. ஜூன் மாதம் ஸ்கூல் ஷூவை ஒரு சைஸ் கூட எடுத்து, முனையில் பஞ்சை அடைத்து அனுப்புகிறோம். தீபாவளிச் சட்டை முழங்காலைத் தொடுகிறது. போகட்டும், அதனால் யாருக்கும் எலும்பு முறியாது. 110 சிசி வண்டி 70, 80 கிலோவுக்கு மேல் இருக்கும். உங்கள் பையன் 20, 22 கிலோ இருப்பானா? வண்டி கவிழ்ந்து மேலே கிடந்தால் அவனால் அதை ஓரங்குலம் நகர்த்த முடியாது. இந்த வண்டிகளில் மோசமான அடி பெரும்பாலும் பிள்ளை கீழே விழுவதால் வருவதில்லை. வண்டி பிள்ளைமேல் விழுவதால் வருகிறது.

சிசியை விடுங்கள், வயதையும் வேகத்தையும் பாருங்கள். அமெரிக்கத் தர விதியில் 6 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான வண்டி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரோடு மணிக்கு 16 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. லிமிட்டரை எடுத்தாலும் 24தான். 10 வயதுக்கு மேற்பட்ட வகைக்கு அதுவே 24, 48. பொலாரிஸ் கம்பெனியே தன் அவுட்லா 70ஐ 6 வயதுக்கும், 110ஐ 10 வயதுக்கும் என்றுதான் சொல்லி விற்கிறது. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் கழகமோ 16 வயதுக்கு முன் இந்த வண்டியே வேண்டாம் என்கிறது. நான் டாக்டர்கள் கட்சி. ஆனால் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கிவிடுவீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் அளவு பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

பிறந்தநாள் சர்ப்ரைஸ் எல்லாம் வேண்டாம், பையனைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். ஓட்டும்போது போடப்போகிற ஷூவையே போட்டு ஏறட்டும். முதலில் ஃபுட்ரெஸ்ட் மேல் நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். சீட்டுக்கும் கால்கவட்டைக்கும் நடுவே 3 முதல் 6 அங்குல இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் பள்ளத்தில் எழுந்து நின்று உடம்பைச் சாய்க்க முடியாது. பிறகு உட்காரட்டும். தொடை ஏறக்குறைய தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். ஹேண்டில்பாரை இடது கடைசி, வலது கடைசி என்று முழுக்கத் திருப்பச் சொல்லுங்கள். தூரத்துக் கை விறைத்து நீண்டாலோ, கட்டைவிரல் ஆக்சிலேட்டரை விட்டு வழுவினாலோ வண்டி பெரிது. கைப்பிடியைப் பிடித்தபடி விரல்களை நேராக நீட்டினால் நடுவிரலின் முதல் கணு பிரேக் லீவரைத் தாண்ட வேண்டும். கால் பிரேக் இருந்தால் குதிகாலை ஃபுட்ரெஸ்டிலிருந்து எடுக்காமலே முன்பாதம் எட்ட வேண்டும்.

இதில் ஒன்று தவறினாலும் அந்த வண்டி வேண்டாம். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள்.

அளவு சரியாக அமைந்த பிறகு மூன்று விஷயம். பின்பக்கம் சொருகியிருக்கும் கயிற்றை இழுத்தால் இன்ஜின் சட்டென நிற்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். கால் நழுவிப் பின் சக்கரத்தில் மாட்டாதபடி ஃபுட்ரெஸ்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே முழுத் தட்டு இருக்க வேண்டும். வெறும் கம்பி போதாது. கட்டைவிரல் ஆக்சிலேட்டர் டப்பாவில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ இருக்கும். அதை நன்றாக உள்ளே முடுக்கி லாக் நட்டைப் போடுங்கள். நீங்கள் ஓடிப்போய்ப் பிடித்துவிடக்கூடிய வேகம், அதுதான் முதல் மாதத்துக்கு.

*கேள்வி: மகளுக்கு மூன்று வயது முடிகிறது. பேட்டரி குவாட் வாங்கலாமா? 12 வோல்ட் என்று போட்டிருக்கிறது. (சூரமங்கலம்)*

வாங்கலாம், அது பொம்மை. பொம்மை என்பதால் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். 2021 ஜனவரி 1 முதல் இதுதான் சட்டம். முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் எண் இருக்கும். அதை பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் கம்பெனி பெயரும் முகவரியும் வர வேண்டும். வராவிட்டால் அந்த முத்திரை வெறும் ஸ்டிக்கர்தான்.

6 வோல்ட் வண்டி நடக்கிற வேகத்தில் போகும், 12 வோல்ட் அதைவிடக் கொஞ்சம் கூட. அப்பா அம்மா கையில் ரிமோட் உள்ள மாடலாக எடுங்கள். மொட்டை மாடியிலும் சரிவான கார் பாதையிலும் விடாதீர்கள். பலவற்றில் தனி பிரேக் கிடையாது, காலை எடுத்தால் மோட்டார் இழுத்து நிற்பதுதான் பிரேக். ஸ்கூல் திறந்ததும் வண்டியை மூலையில் போட்டுவிட்டு அடுத்த லீவுக்கு எடுத்தால் பேட்டரி செத்திருக்கும். ஓட்டாத மாதத்திலும் ஒருமுறை முழு சார்ஜ் ஏற்றுங்கள்.

*கேள்வி: நாகலூர் பக்கம் எஸ்டேட். 11 வயது மகன் நன்றாக ஓட்டுகிறான். பங்களாவிலிருந்து கடைத்தெருவுக்குப் பஞ்சாயத்து ரோட்டில் ஒரு கிலோமீட்டர். வண்டி வாகனமே இருக்காது. போகட்டுமா?*

போகக் கூடாது.

பொது ரோட்டில் 18 வயது ஆக வேண்டும். 50 சிசிக்குள் 16 வயது போதும் என்கிற சலுகை இரண்டு சக்கரத்துக்குத்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவில் குற்றவாளி பையன் மட்டுமல்ல, நீங்களும்: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

எஸ்டேட்டுக்குள் ஓட்டினாலும் காப்பிச் செடி வரிசைக்குள் சரிவின் குறுக்காக ஓட்ட விடாதீர்கள். நேரே ஏறட்டும், நேரே இறங்கட்டும். சருகு மூடிய குழிகளில் கீழ்ப்பக்கச் சக்கரம் இறங்கினால் வண்டி உருள ஆரம்பித்துவிடும். சில்வர் ஓக் மரம்தான் நிறுத்தும்.

*கேள்வி: ஆன்லைனில் 49 சிசி வாங்கினேன். கையேடு இல்லை, செயின் கவர் இல்லை. ஸ்டார்ட் செய்ததுமே ஆக்சிலேட்டரைத் தொடாமல் வண்டி நகர்கிறது. மகள் செவரில் போய் முட்டினாள், நல்லவேளை அடியில்லை. விற்றவர் "ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்" என்கிறார். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று இருக்கிறது. நான்தான் ஏமாந்துவிட்டேனா? (ஆத்தூர்)*

நீங்கள் ஏமாறவில்லையம்மா, ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். முதல் வேலையாக பிளக் வயரைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். பிள்ளை மறுபடி ஏற வேண்டாம்.

ஓட்ட ஓட்ட அது செட் ஆகாது. இந்த வண்டியில் கியர் இல்லை. இன்ஜின் சுற்று ஒரு அளவைத் தாண்டியதும் கிளட்ச் கட்டைகள் விரிந்து தானாகப் பிடித்துக்கொள்ளும். ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றுகிற சுற்று, அந்த அளவுக்கு மேலே இருந்தால் ஸ்டார்ட் ஆனதுமே சக்கரம் சுற்றும். விற்றவர் அனுப்பும் மெக்கானிக் இதைத்தான் பார்க்க வேண்டும்: பின் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் வைத்து, கார்புரேட்டரின் ஐடில் ஸ்க்ரூவைத் தளர்த்தி, சக்கரம் நிற்கிறதா என்று. ஆக்சிலேட்டர் கேபிளில் 2, 3 மில்லிமீட்டர் தளர்வு வேண்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது இன்ஜின் சத்தம் ஏறக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கிறது. செயின் கவர் இல்லாத வண்டியை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். ஒரு ஷூ லேஸ் செயினில் மாட்டினால் போதும்.

பில்லில் உள்ள அந்த வாசகம் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். வண்டி தானாக நகர்வதைத் தேதியோடு வீடியோ எடுங்கள். பெட்டி, பில், விற்றவரோடு பேசிய வாட்ஸப் செய்தி எதையும் அழிக்காதீர்கள். விற்ற தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இடையில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் பேசிப் புகார் எண் வாங்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை. இரண்டு வருடக் கெடு உண்டு, அதுவரை காத்திருக்காதீர்கள்.

*கேள்வி: பயமாக இருப்பதால் நானே பின்னால் உட்கார்ந்து மகனைப் பிடித்துக்கொள்ளலாமா? சீட் நீளமாகத்தான் இருக்கிறது. (ஓமலூர்)*

சீட் நீளம் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்றுவதற்கு, உங்களுக்கு அல்ல. மேட்டில் உங்கள் எடை பின் அச்சின்மேல் விழுந்தால் முன் சக்கரம் தூக்கும். கூடவே நடங்கள்.

*கேள்வி: வீட்டு முன் சிமெண்ட் களத்தில் ஓட்டுகிறான். திருப்பும்போதெல்லாம் ஒரு பக்கம் தூக்குகிறது. பஞ்சர் கடையில் காற்றுகூட நன்றாக அடித்துக் கொடுத்தார்கள். வண்டி மட்டமா? (எடப்பாடி)*

வண்டி மட்டமில்லை, அந்த "நன்றாக அடித்த" காற்றுதான் மட்டம். கையேட்டைப் பிரித்தே பார்க்கவில்லை, அப்படித்தானே?

டயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். இந்த வண்டிகளுக்குப் பெரும்பாலும் 2 முதல் 5 பிஎஸ்ஐ வரைதான். பஞ்சர் கடைக்காரருக்குக் கை பழகியது 25, 30. அவ்வளவு ஏற்றினால் டயர் பந்தாகித் துள்ளும். சைக்கிள் பம்ப் போதும். மீட்டர் 10 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டுகிற வகையாக இருக்கட்டும். 60 வரை காட்டும் ஒன்றை நானும் வாங்கி வைத்திருக்கிறேன்; 3க்கும் 6க்கும் அதில் முள் ஒரே இடத்தில் நிற்கும், பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்க வேண்டும். இடதில் 3, வலதில் 4 என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இன்னொன்று, சிமெண்டில் ஓட்டாதீர்கள். பின் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருக்கின்றன. திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே சுற்றுதான் சுற்றும். மண்ணில் ஒன்று சறுக்கிக் கொடுத்துவிடும். சிமெண்ட் பிடித்துக்கொள்ளும், உள்பக்கம் தூக்கும். உழுது பரம்படித்த மண்தான் இதற்கு நல்ல களம்.

*கேள்வி: சேலத்தில் ஜோராக ஓடிய 2-ஸ்ட்ரோக் குவாட் ஏற்காட்டில் இழுக்கவே இல்லை. மெக்கானிக் இன்ஜின் சிலிண்டரைக் கடைந்து போர் போட வேண்டும் என்கிறார்.*

வேண்டாம். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். காற்று மெல்லிசு, அதனால் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சக்தி குறையத்தான் செய்யும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்து கறுப்பாக இருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி இறங்கிப் பெட்ரோல் குறையும். கீழே இறங்கியதும் மறக்காமல் பழைய பள்ளத்துக்கே மாற்றுங்கள். மறந்தால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், அப்போது மெக்கானிக் சொன்னது பலித்துவிடும்.

*கேள்வி: என் ஹெல்மெட்டையே உள்ளே துண்டு வைத்து மகளுக்குப் போடுகிறேன். போதாதா? (கொண்டலாம்பட்டி)*

பல்லாயிரம் ரூபாய்க்கு வண்டி, தலைக்குத் துண்டு!

விழும்போது துண்டு நகரும், ஹெல்மெட் கழலும். புருவத்துக்கு ஒரு விரல்கடை மேலே டேப் வைத்துத் தலையைச் சுற்றி அளந்து, அந்த சென்டிமீட்டருக்கான குழந்தை சைஸ் வாங்குங்கள். முகம் முழுக்க மூடுவது, ஐஎஸ்ஐ முத்திரையோடு. மாட்டிவிட்டு ஆட்டினால் நெற்றித் தோலும் சேர்ந்து நகர வேண்டும். கணுக்கால் மூடிய ஷூ, முழுக்கால் பேண்ட், கையுறை. துப்பட்டா கூடாது.

*கேள்வி: வீட்டில் 6 வயதும் 12 வயதும். லிமிட்டர் ஸ்க்ரூவை மாற்றி மாற்றி வைத்து ஒரே வண்டியில் சமாளிக்கலாமா? (சங்ககிரி)*

பெரியவனுக்காகத் தளர்த்திய ஸ்க்ரூவைச் சின்னவன் ஏறும் முன் யார் முடுக்குவது? ஸ்க்ரூ டிரைவர் இப்போது யார் கையில் இருக்கிறது என்று வீட்டில் போய்ப் பாருங்கள்.