நோட்டரி முத்திரை யாரையும் அம்மா ஆக்காது

கேள்வி: என் அக்கா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் மகள் என்னோடுதான் இருக்கிறாள். வயது 13, எட்டாம் வகுப்பு. எனக்கு 38, கல்யாணம் ஆகவில்லை. ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு வேலை. மாமா, அதாவது அக்காவின் கணவர், ஓசூரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். பணமும் தருவதில்லை, வந்து பார்ப்பதும் இல்லை. ஸ்கூலில் ஒவ்வொரு ஃபாரத்துக்கும் 'நீங்க யாரு?' என்கிறார்கள். ஒரு வக்கீல், நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர், கல்யாணம் ஆகாதவர் தத்தெடுக்கவே முடியாது என்கிறார். 'நான்தான் பாட்டி, நான் எழுதித் தர்றேன்' என்கிறாள் அம்மா. இரண்டு லட்சம் தந்தால் கையெழுத்துப் போடுவதாக மாமா சொல்கிறார். நான் என்ன செய்ய?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விவேக்நகர், பெங்களூரு

பதில்: சகோதரி, உங்களிடம் சொல்லப்பட்ட நான்குமே தவறு. ஆனால் நீங்கள் விரும்புவது சட்டப்படி நடக்கக்கூடியதுதான்.

முதலில் கல்யாண விஷயம். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வந்த 1956-லிருந்தே மணமாகாத பெண் தத்தெடுக்கலாம். மணமான பெண்ணுக்குத்தான், கணவர் சம்மதத்தோடு தன் பெயரில் தத்தெடுக்கும் உரிமை 2010-ல் வந்தது. உங்களைப் போன்ற ஒருவர் வழக்கே பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. விவாகரத்தான, வேலைக்குப் போகும் பெண். தன் சகோதரி பெற்ற பெண் குழந்தையைத் தத்தெடுக்க விரும்பினார். தனியாக இருக்கும், வேலை பார்க்கும் பெண்ணால் பிள்ளையைக் கவனிக்க முடியாது என்று புசாவல் நீதிமன்றம் மறுத்தது. 2023 ஏப்ரலில் நீதிபதி கௌரி கோட்சே அதை ரத்து செய்தார். குடும்பம் பற்றிய இடைக்காலப் பழமைவாதப் பார்வை அது என்றே தீர்ப்பில் எழுதினார். அதற்கு முந்தைய வருடம் உச்ச நீதிமன்றமும், மறுமணம், தத்து, தனிப் பெற்றோர் என்று குடும்பம் பல வடிவில் அமையும், அவற்றுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று ஒரு செவிலியரின் பேறுகால விடுப்பு வழக்கில் சொன்னது. முடியாது என்ற வக்கீலிடம் இந்தத் தீர்ப்புகளைக் காட்டுங்கள்.

நோட்டரி, தாளில் உள்ள கையெழுத்து இன்னார் போட்டது என்றுதான் சான்று தருகிறார். அதனால் பெற்றோர் உரிமை கை மாறாது. நாளை மாமா பள்ளி வாசலில் வந்து நின்றால், அந்தத் தாளை வைத்து அவரைத் தடுக்க முடியாது. அக்கா போன பிறகு சட்டப்படி இயற்கைக் காப்பாளர் அவர்தான். அம்மாவிடமும் பக்குவமாகச் சொல்லுங்கள்: 1956 சட்டப்படி பிள்ளையைத் தத்துக் கொடுக்க முடிந்தவர் தந்தை, தாய், அல்லது நீதிமன்ற அனுமதி பெற்ற காப்பாளர் மட்டுமே. பாட்டி எழுதிக் கொடுத்த தத்து, எத்தனை பாசத்தோடு எழுதினாலும், செல்லாது.

இரண்டு லட்சத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தத்துக்குப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் அந்தச் சட்டத்தின் 17-ம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை. 'செலவுக்கு' என்று ஜிபேயில் பத்தாயிரம் போட்டாலும் பின்னால் அதைப் பிள்ளைக்குக் கொடுத்த விலை என்று காட்டலாம். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். பேரம் பேசிப் பதில் எழுதாதீர்கள்.

இனி வழிகள். மாமா பணம் வாங்காமல் சம்மதித்தால் இரண்டு உண்டு. ஒன்று, 1956 சட்டப்படி பதிவு செய்த தத்துப் பத்திரம். அவர் கொடுக்கிறார், நீங்கள் ஏற்கிறீர்கள், இருவரும் கையெழுத்திடுகிறீர்கள். பத்திரத்தைக் கர்நாடகப் பதிவுத் துறையின் இணையதளமான காவேரி 2.0-ல் ஏற்றி, நேரம் வாங்கி, சார்பதிவாளர் முன் பதிவு செய்ய வேண்டும். அப்படிப் பதிவான பத்திரம் இருந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை தத்து முறையாக நடந்ததாகவே நீதிமன்றம் கொள்ளும். இதில் அடிக்கடி சறுக்குவது ஒரு வரி. 'தத்துக் கொடுக்கச் சம்மதிக்கிறேன்' என்று எழுதினால் அது வெறும் வாக்குறுதி. இன்ன தேதியில், இன்ன இடத்தில், பிள்ளையைக் கொடுத்து வாங்கியாயிற்று என்று நடந்ததாக எழுத வேண்டும். உண்மையிலேயே அப்படி நடக்கவும் வேண்டும். ஹோமம் கட்டாயமில்லை. மாமாவின் இப்போதைய மனைவியின் ஒப்புதலும் வேண்டாம். அக்காவின் இறப்புச் சான்றிதழை இணையுங்கள். பிள்ளைக்கு 15 வயது முடிந்துவிட்டால், உங்கள் சமூகத்தில் அப்படியொரு வழக்காறு இருந்தாலொழிய, இந்த வழி அடைபடும்.

மற்றது 2015-ம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி உறவுக்குள் தத்து. அந்தச் சட்டத்தின் 'உறவினர்' பட்டியலில் தாயின் சகோதரி இருக்கிறார், அதனால் நீங்கள் பொருந்துகிறீர்கள். மத்தியத் தத்தெடுப்பு ஆணையமான காராவின் இணையதளத்தில் பதிந்து, தந்தையின் ஒப்புதலையும் உங்கள் வருமானம், குடும்ப நிலை பற்றிய அஃபிடவிட்டையும் அதற்கான படிவங்களில் தர வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு வழியாக மனு கெம்பேகவுடா ரோட்டில் உள்ள டி.சி. (மாவட்ட ஆட்சியர்) அலுவலகத்துக்குப் போகும். முன்பு நீதிமன்றம் பிறப்பித்த இந்த உத்தரவை 2022 செப்டம்பரிலிருந்து மாவட்ட நிர்வாகமே பிறப்பிக்கிறது. சட்டம் வைத்திருக்கும் கெடு இரண்டு மாதம். காகிதம் குறைந்தால் நீளும்.

உங்களுக்கு நாங்கள் சொல்வது இந்த இரண்டாவது வழி. பத்திரப் பதிவு சீக்கிரம் முடியும், உண்மை. ஆனால் இன்று இரண்டு லட்சம் கேட்பவர் நாளை 'மிரட்டி வாங்கினார்கள்' என்று சொல்லக்கூடும். அரசு அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துப் பிறப்பித்த உத்தரவு கையில் இருந்தால் அந்தப் பேச்சு எளிதில் எடுபடாது. இன்னொரு காரணம் அதைவிடப் பெரிது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதம் இல்லாமல் இந்த வழியில் தத்து நடக்காது. தந்தையே கொடுக்கும் தத்தில் 1956 சட்டம் பிள்ளையைக் கேட்கச் சொல்லவே இல்லை.

அவளிடம் கேட்கும்போது ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். தத்துக்குப் பிறகு புதிதாக வரும் பிறப்புச் சான்றிதழில் 'தாயின் பெயர்' என்ற கட்டத்தில் அக்காவின் பெயர் இருக்காது, உங்கள் பெயர் இருக்கும். உங்களைச் சித்தி என்று கூப்பிட்டே வளர்ந்த பிள்ளை அவள். அந்தக் கட்டத்தைப் பார்த்து அவள் அழுதாலும் அழலாம். பழைய சான்றிதழைக் காட்டி, இது உன்னிடமே இருக்கும் என்று சொல்லி, அவளுக்கு அவகாசம் கொடுங்கள். அதைப் பத்திரப்படுத்துவது சொத்துக்கும் உதவும். அக்கா உயில் எழுதாமல் போயிருந்தால் அவருடைய நகை, வங்கிப் பணம், வீட்டுப் பங்கு மாமாவுக்கும் மகளுக்கும் சரிபாதி. மகளுக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்த அந்தப் பாதி தத்தினால் போகாது. மாமா வழியில் பூர்விகச் சொத்து இருந்தால் மட்டும், தத்துக்கு முன்பே அந்தப் பத்திரங்களை வக்கீலிடம் காட்டுங்கள். அங்கேதான் பின்னால் வழக்கு மூளும்.

மாமா கையெழுத்தே போட மாட்டேன் என்றால் இரண்டு தத்து வழியும் இப்போதைக்கு இல்லை. 1890-ம் வருடக் காப்பாளர் சட்டப்படி மனுப் போடுங்கள். பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்துக்கே அதிகாரம் என்பதால் நீங்கள் ஓசூருக்கு அலைய வேண்டாம். சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில் உள்ள குடும்ப நீதிமன்றம் போதும். மாமாவுக்கு நோட்டீஸ் போகும். பெற்ற தந்தை என்பதாலேயே அவர் ஜெயித்துவிட மாட்டார்: 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறுவனைத் தந்தையிடம் தராமல், தாய்வழித் தாத்தா பாட்டியிடம் ஒப்படைத்தது. அங்கே பேசுவது சின்னக் காகிதங்கள்தான். நாலு வருட ஃபீஸ் ரசீது, டாக்டர் சீட்டு, பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் போட்ட கையெழுத்து எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். 13 வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிபதி கேட்பார். ஆனால் காப்பாளர் பதவி அவளுக்கு 18 ஆனதும் முடியும். அதனால் அவள் உங்கள் வாரிசு ஆக மாட்டாள்.

எந்த வழியில் போனாலும் இந்த மாதமே ஓர் உயில் எழுதுங்கள். தத்து முடியும் முன் உங்களுக்கு ஏதாவது ஆனால், அவள் உங்கள் மகள் என்று சட்டம் கொள்ளாது. சொத்து முதலில் உங்கள் பெற்றோருக்குத்தான் போகும். வெள்ளைத் தாளில், இரண்டு சாட்சிகள் முன் எழுதினாலும் உயில் செல்லும், பதிவு கட்டாயமில்லை. எல்.ஐ.சி. பாலிசிக்கு அவளை நாமினி ஆக்கினால், அவள் மைனர் என்பதால் அப்பாயிண்டியாக (அவள் சார்பில் பணத்தைப் பெறுபவராக) அம்மாவையோ தம்பியையோ குறிப்பிடுங்கள். அந்த இடத்தைக் காலியாக விட்டால், அவள் சார்பில் பணம் கேட்டு மாமா வந்து நிற்கலாம்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. எண் 15100, கர்நாடகச் சட்டப் பணிகள் ஆணையமும் அதே நியாய தேகுலாவில்தான். வக்கீல் யாரானாலும் முதல் நாளே, 'எந்தச் சட்டத்தின் கீழ், கொடுப்பவர் யார்?' என்று கேளுங்கள். தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பள்ளி பெயர் அனுப்பும் முன் உத்தரவு கைக்கு வர வேண்டும். மதிப்பெண் பட்டியலில் பழைய பெயர் அச்சாகிவிட்டால் திருத்துவது தனி அலைச்சல். எட்டாம் வகுப்பில் இருக்கிறாள் என்பதால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அடுத்த வாரமே மாமாவின் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.