தூண்டில் முள்ளில் சேவல் இறகு வைத்துக் கட்டும் பழைய ஸ்ட்ரீமர்களை (சிறுமீன் போலத் தோன்றும் போலி இரைகளை) இன்றும் கட்டுவதில் பயன் உண்டா? புதியவர் எதில் தொடங்கலாம்?

பயன் உண்டு, ஆனால் எந்த நீரில், எந்தப் பருவத்தில் என்பதைப் பொறுத்தது. வேகமாக ஓடும் ஆற்றில், மராபூ என்னும் மென்மையான பஞ்சு இறகோ முயல் தோலோ வைத்துச் சில நிமிடங்களில் கட்டிவிடும் இன்றைய ஸ்ட்ரீமர்கள் பழையவற்றைவிட நன்றாக அசைகின்றன. பழைய வகை தன் இயல்பைக் காட்டுவது அது பிறந்த இடத்தில், அதாவது அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ரேஞ்ச்லி ஏரிகளைப் போன்ற குளிர்ந்த நீர்நிலைகளில்தான். வசந்தத்தில் ஏரியின் பனிக்கட்டி உருகியதும், ஸ்மெல்ட் என்னும் ஒல்லியான வெள்ளிநிற மீன்கள் முட்டையிட ஓடைகளை நோக்கிக் கூட்டமாக வரும். அவற்றைத் தின்ன ஏரி சால்மனும் புரூக் டிரவுட்டும் மேல்நீருக்கு வரும். தட்டையாக, நெட்டுக்குத்தாக நிற்கும் நான்கு சேவல் இறகுகள் நனைந்து ஒட்டிக்கொள்ளும்போது கிடைக்கும் அந்த மெலிந்த உருவத்தை வேறு பொருளில் நான் பார்த்ததில்லை.

இந்தப் பாணியை நிலைநிறுத்தியவர் அப்பர் டேம் என்னும் இடத்தில் வாழ்ந்த கேரி ஸ்டீவன்ஸ். தொப்பி அலங்காரத் தொழிலில் இறகுகளோடு பழகிய அவர், 1924 ஜூலை 1 அன்று தாமே கட்டிய ஸ்ட்ரீமரில் 6 பவுண்டு 13 அவுன்ஸ் (ஏறத்தாழ 3.1 கிலோ) எடையுள்ள புரூக் டிரவுட்டைப் பிடித்து, ஒரு தேசிய இதழின் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்றார். முள்ளை வைஸ் என்னும் பிடிகருவியில் பொருத்தாமல் கையிலேயே பிடித்துக் கட்டினார் என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது. அவருடைய ‘கிரே கோஸ்ட்’ இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது: ஆரஞ்சுப் பட்டு நூல் உடல், அதன்மேல் வெள்ளி ஜரிகைச் சுற்று, அடியில் வெள்ளை மான்வால் முடியும் மயில்தோகை இழைகளும், மேலே சிறகாகச் சாம்பல் இறகுகள், சிறகின் முன்பக்கவாட்டில் தோள் எனப்படும் இடத்தில் வெள்ளி ஃபெசன்ட் பறவையின் இறகு, அதன்மேல் கன்னம் எனப்படும் இடத்தில் காட்டுக்கோழி இறகு.

கட்டும் முறையில் கவனிக்க வேண்டியது இறகுகளை இணைக்கும் விதம். வளைவும் நீளமும் ஒத்த இறகுகளை, இடப்பக்கத்துக்கு இரண்டு, வலப்பக்கத்துக்கு இரண்டு என எடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் இறகு, தோள், கன்னம் மூன்றையும் அடிப்பகுதியில் மட்டும் ஒரு துளி வார்னிஷ் வைத்து முன்கூட்டியே ஒட்டிக் காயவிட வேண்டும். பிறகு அந்தத் தொகுப்பை முள்தண்டின் உச்சியில் வைக்காமல் பக்கவாட்டில் வைத்துக் கட்டினால், இறகு உடலை மூடியபடி படியும். இறகின் நடுக்காம்பு உருண்டையாக இருப்பதால் நூலை இறுக்கும்போது புரண்டு, சிறகு கோணிக்கொள்ளும். கட்டுமிடத்தில் காம்பைச் சிறு குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். சிறகு முள்ளின் வளைவைத் தாண்டிச் சற்றே நீளலாம். அதிகம் நீண்டால் வீசும்போது வளைவில் சுற்றிக்கொள்ளும், வாலை மட்டும் கடிக்கும் மீனும் தப்பிவிடும்.

கன்னத்துக்குரிய அந்தக் காட்டுக்கோழி இறகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகுதான். மெழுகு பூசியதுபோல் மின்னும் அதன் புள்ளிதான் மீனின் கண்ணாகத் தோன்றுகிறது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவைக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. வெளிநாட்டுக் கடைகளில் முறையாகக் கிடைப்பவை அங்கே வளர்க்கப்படும் பறவைகளின் இறகுகள், விலையும் அதிகம். அச்சிட்ட மாற்று இறகு போதும். அதுவும் இல்லாமல் கட்டினாலும் மீன் குறை சொல்வதில்லை.

புதியவருக்கு நான் பரிந்துரைப்பது, மெய்னைச் சேர்ந்த ஹெர்ப் வெல்ச் 1920களில் உருவாக்கிய ‘பிளாக் கோஸ்ட்’. கறுப்பு உடல், வெள்ளி ஜரிகை வரி, மஞ்சள் வால், மஞ்சள் தொண்டை, நான்கு வெள்ளை இறகுகள், அவ்வளவுதான். தண்டு நீண்ட 4 அல்லது 6 எண் முள்ளில் தொடங்கலாம். படகின் பின்னால் மெதுவாக இழுத்துச் செல்லும்போது தூண்டில் கோலை அவ்வப்போது முன்னே இழுத்துத் தளர்த்துங்கள். இழுக்கையில் சிறகு ஒடுங்கும், தளர்த்துகையில் விரியும், கடி பெரும்பாலும் அந்தத் தளர்ச்சியில்தான் விழும். ஈரத்தோடு பெட்டியில் அடைத்தால் முள் துருப்பிடிக்கும், இறகு மடங்கும். மடங்கியதைக் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் சிறிது நேரம் காட்டினால் நிமிர்ந்துவிடும்.