நாடகம் படித்துச் சமூகங்களை இணைக்க முடியுமா? மட்டக்களப்பிலிருந்து ஒரு பதில்

நாடகத்தைப் பட்டப்படிப்பாகப் படிக்க விரும்புவதாகவும், அந்தப் படிப்பைக் கொண்டு ஒன்றையொன்று அறியாமல் வாழும் சமூகங்களை நெருங்கச் செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மட்டக்களப்பில் நாடகமும் அரங்கியலும் படித்து, சில ஆண்டுகளாகத் தமிழ், முஸ்லிம், சிங்களப் பாடசாலை மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருபவள் என்ற முறையில், முடியும் என்றே சொல்வேன். ஆனால் அது மேடையேறும் நாளில் நடப்பதில்லை. அதற்கு முந்தைய மாதங்களில், ஒருவருடைய கலையை மற்றவர் தம் உடம்பால் பழகும்போதுதான் நடக்கிறது.

எங்கள் ஊர்க் கூத்தை வைத்தே இதை விளக்குகிறேன். வடமோடியோ தென்மோடியோ, இந்த இரு பாணிகளில் எதுவானாலும் ஒரு கூத்து அரங்கேறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். ஏட்டைப் பிரித்து, யாருக்கு எந்தப் பாத்திரம் என்று ஊரார் முன்னிலையில் தீர்மானித்துச் சட்டம், அதாவது அவரவர் பாடி ஆடவேண்டிய பகுதியைக் கொடுப்பார்கள். பின்னர் வயல் வேலை முடிந்த இரவுகளில் கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் தாளக்கட்டுச் சொல்லி ஆட்டம் பழக்குவார். சதங்கை அணிவதும் அடுக்குப் பார்ப்பதும் (முழுக் கூத்தையும் ஒத்திகை பார்ப்பது) அதன் பிறகுதான். நான் பார்த்து வளர்ந்த அண்ணாவியார், பழகுபவர் காலைத் தவறாக வைத்தால் வாயைத் திறக்கமாட்டார். மத்தளத்தில் இருந்த கையை அப்படியே நிறுத்திவிடுவார். ஆட்டக்காரர் தானே தன் காலைப் பார்த்துத் திருத்திக்கொண்ட பின்புதான் மத்தளம் மறுபடி பேசும். தமக்குள் பேச்சில்லாத இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் அந்த வட்டக்களரியில், அதாவது கூத்து ஆடும் வட்ட அரங்கில், ஒரே தாளத்துக்குக் காத்து நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஒருவருடைய கலையை மற்றவர் இப்படிப் பெற்றுக்கொள்வது ஓர் ஊருக்குள் முடிந்துவிடுவதும் இல்லை. தென்னிலங்கையின் சிங்கள 'நாடகம' வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து, பெரும்பாலும் கத்தோலிக்கர் வழியாகச் சென்றது. அதில் வாசிக்கப்படும் மத்தளத்தைச் சிங்களத்தில் 'தெமள பெரய', அதாவது தமிழ் மேளம் என்றே அழைக்கிறார்கள். அந்த வடிவத்தைக் கற்று, சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை மேடையேற்றியது 1956இல், சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்த அதே ஆண்டில். அதன் தாக்கத்தால் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தின் பக்கம் திரும்பினார். அண்ணாவிமாரின் துணையோடு பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கி, 1960களில் கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடைக்குக் கொண்டுவந்தார். அதில் இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பிற்காலத்தில் எங்கள் துறையின் பேராசிரியர்களுள் ஒருவரானார். தமிழரிடமிருந்து போனது, சிங்கள மேடையின் வழியாகத் தமிழருக்கே நினைவூட்டப்பட்டது என்பதை முதலாம் ஆண்டு வகுப்பில் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆயினும் இவ்வளவையும் படித்த பிறகும் நான் செய்த முதல் வேலை பிழைத்தது. மூன்று பாடசாலைகளின் மாணவர்களைக் கொண்டு இரண்டே வாரத்தில் ஓர் ஒற்றுமை நாடகம் தயாரித்தேன். வசனங்கள் நன்றாக இருந்தன, பெற்றோரும் கைதட்டினார்கள். ஆனால் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் மூன்று கூட்டமாகவே உட்கார்ந்திருந்தார்கள். ஒற்றுமையைப் பற்றிப் பேச வைத்தேனே தவிர, ஒருவரிடமிருந்து மற்றவர் பெற்றுக்கொள்ள வேண்டிய எதையும் நான் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த முறை கதையும் இல்லை, வசனமும் இல்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பொல்லடியை முஸ்லிம் மாணவர்கள் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். இரண்டு கையிலும் பொல் பிடித்து வட்டமாகச் சுற்றி, முன்னால் வருபவரின் பொல்லிலும் திரும்பிப் பின்னால் வருபவரின் பொல்லிலும் தட்ட வேண்டும். கண் ஒரு கணம் விலகினாலும் அடி விரலில்தான் விழும். முதல் நாள் ஒரு சிங்கள மாணவனின் நடுவிரல் சிவந்து வீங்கியது. அவனுக்குக் கற்றுக்கொடுத்த பையன் தண்ணீர்ப் போத்தலை அந்த விரலில் வைத்து அழுத்திக்கொண்டே, மணிக்கட்டை எப்படித் தளர்த்த வேண்டும் என்று மறு கையால் காட்டிக்கொண்டிருந்தான். அன்று சாப்பாட்டு வேளையில் அந்த இருவரும் அருகருகே இருந்தார்கள். மற்றவர்கள் சேர மேலும் சில வாரங்கள் ஆயின.

மரபுக் கலை எல்லாரையும் சேர்க்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் வேண்டாம். சட்டம் கொடுக்கும்போது அரச வேடம் யாருக்கு என்பதில் குடும்ப அந்தஸ்தும் சாதியும் புகுந்த ஊர்கள் உண்டு. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடிவந்ததால், என்னைப் போன்ற பெண்பிள்ளைகள் களரிக்கு வெளியே பாயில் இருந்து பார்த்ததோடு சரி. மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்தில் சி. ஜெயசங்கர் ஊராரோடு இருந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம், இவற்றைக் கூத்தாடும் மக்களே உட்கார்ந்து பேசி மாற்ற வழி திறந்தது என்பதால் அதை அவசியம் படித்தறியுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு பருவம் முழுவதும் ஓர் அண்ணாவியாரின் கூத்துப் பழக்கத்துக்குப் போய்வாருங்கள். அத்தோடு சிங்களத்தையும் இப்போதே படிக்கத் தொடங்குங்கள். நான் பிந்தித் தொடங்கியதால், மேளம் பழக்க வந்த சிங்கள ஆசிரியர் எந்த இடத்தில் ஏன் நிறுத்தினார் என்பதை மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் அடுத்த அடிக்குப் போய்விடுகிறார்கள்.