வாசகர் கேள்வி – பதில்: ரேமண்ட் கார்வரும் அவருடைய வாத்தியாரும்

கேள்வி: அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வர் கடைசி வரை ஒரு நாவல்கூட வெளியிடவில்லையே, பொறுமை இல்லாதவரா?

பதில்: பொறுமை நிறையவே இருந்தது. நேரம்தான் இல்லை. ஆரிகன் மாநிலத்தில் 1938இல் மர அறுப்பு ஆலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 19 வயதில் கல்யாணம். மனைவி மேரியனுக்கு 16. 1958 முடிவதற்குள் இரண்டு குழந்தைகள். பிறகு சாக்ரமென்டோவில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை, இரண்டு முறை திவால். அயோவா சிட்டியில் ஐந்தாறு சுமை துணியைத் துவைத்துவிட்டு, உலர்த்தும் இயந்திரம் எப்போது காலியாகும் என்று காத்து நின்ற ஒரு சனிக்கிழமையைப் பற்றி அவரே கட்டுரையில் எழுதியிருக்கிறார். நாவலுக்கு ஒரே உலகத்துக்குள் இரண்டு மூன்று வருஷம் குடியிருக்க வேண்டும். ஒரே மூச்சில் எழுதி முடித்து, சீக்கிரம் காசாக்க முடிந்தவை சிறுகதையும் கவிதையும்தான்.

கேள்வி: கார்வரின் வாத்தியார் ஜான் கார்ட்னர் அவருக்கு அப்படி என்னதான் சொல்லிக்கொடுத்தார்?

பதில்: பெரிய தத்துவம் எதுவுமில்லை, வரி வரியாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். கலிஃபோர்னியாவின் சிகோ கல்லூரியில் 1958இல் கார்வர் சேர்ந்தபோது கார்ட்னருக்கு வயது 25தான். ஒரு நாவலும் அச்சேறாத ஆள். அவர் வகுப்பில் ஒரு பருவத்துக்கு 10 முதல் 15 பக்கம் வரும் ஒரே ஒரு கதை போதும். ஆனால் அதையே பத்து முறைகூடத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்! எழுதியதைத் திரும்பப் பார்க்கும்போதுதான் சொல்ல வந்தது என்ன என்பதே எழுதுபவனுக்குப் பிடிபடும் என்பது அவர் கொள்கை.

கையெழுத்துப் படியில் அவர் இரண்டு வகைக் குறி போடுவார். கோடு போட்டு அடித்துவிட்டால் அந்த வரி போனது போனதுதான், பேச்சுக்கே இடமில்லை. அடைப்புக்குறிக்குள் போட்டால் வாதாடிப் பார்க்கலாம். ஒரு காற்புள்ளிக்கும் உட்கார்ந்து பேசுவார். தரையைச் சொல்ல வந்தவன் ‘பூமி’ என்று எழுதிவிட்டால் விடமாட்டார். எழுத இடமில்லாத மாணவனுக்கு வார இறுதிகளில் தன் அலுவலக அறைச் சாவியையும் கொடுத்தார். என் கணக்கில் பாடத்தைவிடப் பெரிய உதவி அந்தச் சாவி.

கேள்வி: எடிட்டர் கார்டன் லிஷ் வெட்டியதால்தான் கார்வருக்குப் பேர் கிடைத்தது என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. 25 சொல்லில் எழுதியதை 15இல் சொல் என்றார் கார்ட்னர். அந்த 15ஐ 5 ஆக்கு என்றார் லிஷ். 1981இல் வந்த கார்வரின் சிறுகதைத் தொகுப்பின் மூலப்படியில் பாதிக்கு மேல் லிஷ் வெட்டினார். பதறிப்போய், அச்சை நிறுத்தச் சொல்லி 1980 ஜூலையில் கார்வர் எழுதிய நீண்ட கடிதம் இருக்கிறது. புத்தகம் வெட்டுப்பட்டபடியேதான் வந்தது.

சந்தேகமிருந்தால் ‘தி பாத்’, ‘எ ஸ்மால், குட் திங்’ இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். கதை ஒன்றுதான்: பிறந்தநாளன்று கார் மோதிய சிறுவன், வாங்காமல் விட்ட கேக்குக்காகத் தொலைபேசியில் துரத்தும் பேக்கரிக்காரர். லிஷ் வெட்டிய வடிவமான ‘தி பாத்’ தொலைபேசி மணியோடு நின்றுவிடும். கார்வர் வடிவமான ‘எ ஸ்மால், குட் திங்’கில் பெற்றோர் பேக்கரிக்கே போகிறார்கள், அவர் சூடான ரொட்டியை எடுத்து வைக்கிறார். முதலாவதில் பயம் இருக்கிறது. இரண்டாவதில் மனிதர்கள் இருக்கிறார்கள். வெட்டாத தொகுப்பு முழுதாக வெளிவந்தது 2009இல், அவர் இறந்து 21 வருஷம் கழித்து.

அதற்காக அவர் வெட்டத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் படியைக் கையால் கிடுகிடுவென்று எழுதிவிடுவார். சிக்கலான காட்சி வந்தால் குறிப்பு மட்டும் போட்டுவிட்டுத் தாண்டிவிடுவார். உண்மையான வேலை தட்டச்சுக்குப் பிறகுதான். பத்துப் பன்னிரண்டு படிக்குக் குறைந்ததில்லை, சில கதைகள் 30 வரை போயிருக்கின்றன. முதல் படியிலேயே ஒவ்வொரு வரியையும் செதுக்க உட்காருகிறவர்கள் மூன்றாம் பக்கத்தில் சிக்கிக்கொள்வது இதனால்தான்.

கேள்வி: வாத்தியாராகக் கார்வர் எப்படி?

பதில்: 1973இல் அயோவாவில் பாடம் எடுக்கப் போனபோது அவரும் எழுத்தாளர் ஜான் சீவரும் குடித்ததுதான் அதிகம்; தட்டச்சுப்பொறியின் உறையைக்கூடக் கழற்றவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். 1977 ஜூன் 2ஆம் தேதி குடியை விட்டார். 1980 முதல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் வேறு ஆள். முணுமுணுப்பான குரல்; மாணவனின் கதையைக் கிழித்துத் தொங்கப்போட மனம் வராது. 1983இல் வருஷத்துக்கு 35,000 டாலர் வீதம் ஐந்து வருஷத்துக்கு ஒரு விருது கிடைத்தது. வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. வாத்தியார் வேலையை விட்டார். இனி நாவல் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு 1985இல் கிடைத்தது கவிதைத் தொகுப்பு!