பல செயற்கைக்கோள்களின் தரவுகளை இணைத்து எண்ணூர் அலையாத்திகளைக் கண்காணிக்க முடியுமா?

சென்டினல் (ஐரோப்பா), லேண்ட்சாட் (அமெரிக்கா) செயற்கைக்கோள்கள், ரேடார் ஆகியவற்றின் தரவுகளை ஒன்றாக்கினால் எண்ணூர்க் கழிமுகத்து அலையாத்திகளைத் தொடர்ந்து கண்காணிக்க இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இயலும், ஆனால் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடாதீர்கள்.

சென்டினல்-2 இன் பிக்சல் 10 மீட்டர், லேண்ட்சாட்டினுடையது 30 மீட்டர் என்பது பலரும் அறிந்ததே. அதைவிடக் கவனிக்க வேண்டியது அண்மை அகச்சிவப்புப் பட்டை, அதாவது இலைகள் வலுவாகப் பிரதிபலிக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒளியைப் பதிவுசெய்யும் அலைநீளப் பகுதி. சென்டினலின் 10 மீட்டர் பட்டை அகலமானது, லேண்ட்சாட் 8, 9 இன் பட்டை குறுகியது என்பதால், ஒரே நாளில் ஒரே தோப்பைக் கணக்கிட்டாலும் பசுமைக் குறியீடு (இலைச் செழிப்பைக் காட்டும் எண்) சற்று வேறுபடும். அந்த வேறுபாட்டையே இலையுதிர்வு என்று எண்ணிவிடுவோர் உண்டு. சென்டினல்-2 இலேயே உள்ள, லேண்ட்சாட்டுக்கு நெருக்கமான குறுகிய 8ஏ பட்டையைப் பயன்படுத்தினால் இத்தொல்லை பெருமளவு குறையும். இரண்டையும் ஒத்துப்போகச் செய்த தரவை நாசாவே வெளியிடுகிறது. ஆனால் அது 30 மீட்டரில் இருக்கிறது. ஓடைக்கரையை ஒட்டி ஒடுங்கி நிற்கும் மரவரிசைக்கு அது பெரிது, பாதிப் பிக்சல் தண்ணீராகிவிடும். மோடிஸ் என்னும் நாசா செயற்கைக்கோள் கருவியின் 250 மீட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: கழி, அனல்மின் நிலையச் சாம்பல், சீமைக் கருவேலம் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும்.

கோடையிலும் பச்சையாக நிற்கும் சீமைக் கருவேலத்தைப் பசுமைக் குறியீட்டால் மட்டும் பிரித்தறிவது கடினம். ஈரத்தை உணர்த்தும் மற்றொரு பட்டையான குற்றலை அகச்சிவப்பில், ஈரச் சேற்றில் நிற்கும் அலையாத்தி பொதுவாக இருண்டு தெரியும். ஓதம் (கடல் நீர்மட்டம்) ஏறிய நேரத்துப் படத்தை வற்றிய நேரத்துப் படத்தோடு ஒப்பிடவும் கூடாது.

வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக்கொள்ளும்போது மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் கைகொடுக்கும். ஆனால் அது அளப்பது கிளை, இலைகளின் அமைப்பையும் ஈரத்தையுமே தவிரப் பசுமையை அல்ல. எனவே அதைத் தனி வரிசையாகவே வைத்து, பசுமைக் குறியீடும் ரேடார் அளவும் சேர்ந்து குறையும் இடங்களை முதலில் நேரில் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு குறை இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது அது படிந்தது அடிமரத்திலும் மூச்சுவேர்களிலும்; செயற்கைக்கோள் பார்ப்பதோ மர உச்சியை. அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. மட்டுமே உள்ள சென்டினல்-1 பெரும்பாலும் மேலடுக்கிலேயே நின்றுவிடுகிறது. 2025 ஜூலை 30 அன்று, நமக்கு வடக்கே பழவேற்காட்டை அடுத்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசா-இஸ்ரோ கூட்டு ரேடார் செயற்கைக்கோளான நிசாரின் எல்-பட்டை ஏறத்தாழ 24 செ.மீ. அலைநீளம் கொண்டது, இலைகளைக் கடந்து தண்டையும் அடியில் தேங்கிய நீரையும் எட்டும் அதன் தரவைத்தான் அடுத்ததாகச் சேர்க்கச் சொல்வேன்.