ரஸ்ட் மொழியில் எழுதிய ஜிட் கம்பைலர் (ஓடும்போதே இயந்திரக் குறியீட்டை ஆக்குவது): உருவாக்கிய குறியீட்டை ஓடவிட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான மெமரி அணுகலால் ப்ரோக்ராம் விழுவது). எங்கே தேடுவது?

கூட்டல், பெருக்கல் எல்லாம் ஓடுகிறது, ஜிட் குறியீட்டிலிருந்து ரஸ்டின் அச்சிடும் ஃபங்ஷனை அழைத்ததும் விழுகிறது, ஜிடிபி டீபக்கரில் பேக்ட்ரேஸ் (எது எதை அழைத்தது என்ற வரிசை) கேட்டால் கேள்விக்குறிகள்தான் வருகின்றன என்கிறீர்கள். லினக்ஸ், எக்ஸ்86-64. நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டு கிடந்த இடம் இது.

ஹட்டனில் அப்போது ஆடி மழை, கரண்ட் போய்ப் போய் வந்தது. சிக்னல் விவரத்தில் பிழை முகவரி 0 என்று இருந்ததால் நல் பாயிண்டர் (எதையும் சுட்டாத வெற்று முகவரி) என்றே நம்பி, மெமரி ஒதுக்கும் பகுதி முழுவதையும் திருப்பி எழுதினேன். பலனில்லை. கடைசியில் தலவாக்கலையில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன்.

"எந்தக் கட்டளையில விழுந்துச்சு, அத மொதல்ல சொல்லு."

மூவ்ஏபிஎஸ் என்றேன். 16 பைட்டை ஒரேயடியாக நகர்த்தும் கட்டளை அது.

"சரி, கோல் பண்றதுக்கு முன்னுக்கு ஒரு இன்ட்3 வச்சு நிறுத்திட்டு, ஆர்எஸ்பியை வாசி."

ஆர்எஸ்பி என்பது ஸ்டாக்கின் உச்சி முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டர். அதை ஹெக்ஸில் (பதினாறடி எண்ணில்) ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். கடைசி இலக்கம் 8.

"அதான்டா!"

கோல், அதாவது ஃபங்ஷனை அழைக்கும் கட்டளை, ஓடும் நேரத்தில் ஆர்எஸ்பி 16ஆல் வகுபட வேண்டும், அதாவது கடைசி இலக்கம் 0. கோல் 8 பைட் திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் தள்ளுவதால், நம் ஃபங்ஷனுக்குள் நுழையும்போது அது 8இல் நிற்கும். நான் ஆர்பிபி, ஆர்பிஎக்ஸ் என்ற ரெஜிஸ்டர்கள் இரண்டையும் ஸ்டாக்கில் புஷ் செய்திருந்தேன். 16 பைட் இறங்கி மறுபடியும் 8. அடுத்து ஆர்எஸ்பியிலிருந்து 8ஐக் கழிக்கும் ஒரே கட்டளையைச் சேர்த்ததும் ஓடியது. வெறும் கணக்கு யாரையும் அழைப்பதில்லை, அதனால்தான் அது மட்டும் தப்பியது. மூவ்ஏபிஎஸ் சரியான எல்லையில் இல்லாத முகவரியைத் தொட்டால் ப்ராசஸர் எந்த முகவரி என்று சொல்லாது; லினக்ஸ் 0 என்று காட்டிவிடும். அந்தப் பூஜ்யத்தை நம்பாதீர்கள்.

விழுந்த இடம் உங்கள் குறியீட்டின் முதல் பைட்டாகவே இருந்தால் கதை வேறு. குறியீடு இருக்கும் மெமரிப் பக்கத்துக்கு இயக்க அனுமதி கொடுக்கவில்லை, இல்லையென்றால் மெமரியை வைத்திருந்த பொருள் ட்ராப் ஆகி (விடுவிக்கப்பட்டு) ஃபங்ஷன் பாயிண்டர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ட்ரான்ஸ்மியூட் செய்து முகவரியை ஃபங்ஷனாக மாற்றியபின், ரஸ்டின் மெமரிக் காவலனான பாரோ செக்கர் இதைக் கண்டுகொள்ளாது. அப்புறம், அச்சிடும் ஃபங்ஷன் எக்ஸ்டர்ன் சி (சி மொழியின் அழைப்பு முறை) என்று இருக்கிறதா பாருங்கள்.

கேள்விக்குறிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் பைட்டுகளுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லாததால் வருவது அது. இன்னும் விழுந்தால், விழுந்த கட்டளையையும் கோலுக்கு முந்தைய ஆர்எஸ்பியையும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.